மணவாழ்க்கை மனநிறைவு: ஆரணி நெசவுக் குடும்பங்கள்

மணவாழ்க்கை மனநிறைவு என்பது கணவனும் மனைவியும் தங்கள் இல்வாழ்வைத் தாங்களே எடைபோட்டு உணரும் நிறைவு. பொருத்தம், பேச்சு, வருமானம், வேலைப் பகிர்வு, இரு வீட்டாரின் துணை ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். வீடே தொழிற்கூடமான நெசவு ஊர்களில் இவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் சேர்கின்றன.

பழந்தமிழ்க் கருத்து: தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய பத்து ஒப்புகளைக் கூறுகிறது. குடிப்பிறப்பு, வயது, வடிவம், செல்வம் ஆகியவற்றோடு அன்பு, அருள், மன அடக்கம், ஒருவரை ஒருவர் உணர்தல் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். அடுத்த நூற்பா இருக்கக் கூடாதவற்றைச் சொல்கிறது: பொறாமை, கொடுமை, தன்னை வியத்தல், புறங்கூறல், கடுஞ்சொல், சோம்பல், குடிப்பெருமையில் திளைத்தல் முதலியன. முன்னதில் பெரும்பகுதி மணத்துக்கு முன் பார்க்கத்தக்கது. பின்னது மணத்துக்குப் பின்னும் நாள்தோறும் காக்க வேண்டியது. பிற்காலச் சோதிடத்தின் பத்துப் பொருத்தம் நட்சத்திரத்தைப் பார்த்தது, நடத்தையை விட்டுவிட்டது.

அளவீடுகள்: அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1938இல் மணமகிழ்ச்சி பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். லாக்–வாலஸ் அளவுகோல் 1959இலும், கிரகாம் ஸ்பேனியரின் 32 வினா அளவுகோல் 1976இலும் வந்தன. உஷா குப்தா, புஷ்பா சிங் இருவரும் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட முடிவின்படி, காதல் மணங்களில் தொடக்கத்தில் மிகுந்திருந்த அன்பு ஆண்டுகள் செல்லக் குறைந்தது. பெரியோர் முடித்த மணங்களில் வளர்ந்தது. ஆகவே நிறைவு மணநாளிலேயே முடிவாகிவிடுவதில்லை. தம்பதியரின் சச்சரவுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், இகழ்ச்சியே உறவை மிகுதியும் அரிக்கிறது என்றார். கடுஞ்சொல்லைக் குற்றமாக எண்ணிய தொல்காப்பியர் இதை முன்பே கண்டிருக்கிறார்.

ஆரணி: திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியின் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கணவர் குழித்தறியில் நெய்ய, மனைவி இராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருகிறார். பாவு தீர்ந்தால் ஆயிரக்கணக்கான புது இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். அது ஒருவர் கையால் ஆகிற வேலையன்று. கூலியோ புடவைக் கணக்கில் நெய்தவர் கைக்கே வருகிறது. மழையில் தறிக்குழி ஈரமேறினால் நெசவு நிற்கும், முன்பணக் கடன் ஏறும், வீட்டில் பேச்சு தடிக்கும். மனைவியின் உழைப்பையும் கூலியாகவே எண்ணி, வரவு செலவை இருவரும் சேர்ந்து முடிவுசெய்யும் வீடுகளே இந்நெருக்கடியை மனக்கசப்பின்றித் தாண்டுகின்றன.

இன்றைய நிலை: விசைத்தறிப் போட்டியாலும் இளையோர் வேறு வேலைக்குச் செல்வதாலும் இக்கூட்டுழைப்பு குறைந்து வருகிறது.