ஏடு காத்த சொல்லும் நெஞ்சு காத்த இசையும்

சிற்பத்துக்குக் கல் உண்டு. ஓவியத்துக்குச் சுவர் உண்டு. இசைக்கு நிற்பதற்கு இடம் ஏது? பாடுவோன் வாயினின்று எழுந்த ஒலி, கேட்போர் செவியை அடைந்த அளவிலேயே மறைந்துவிடுகின்றது. மறைந்ததை மறுநாளும் எழுப்ப வேண்டுமாயின் அஃது எங்கேனும் தங்கியிருத்தல் வேண்டும். ஏட்டில் தங்கலாம், நெஞ்சில் தங்கலாம். இவ்விரண்டனுள் எது எதனைக் காத்தது, எங்கே காவல் தவறியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்கேள்வி பழம்பொருள் ஆராய்ச்சியோடு முடிவதன்று. ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் முதலிய ஊர்களிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் பயிலும் பிள்ளைகள் பலர், மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் மேடையேறுகின்றனர். வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறும் விழா அது. அப்பிள்ளைகளுள் சிலர் மாலை வேளையில் பியானோவும் கற்கின்றனர். அங்கே வேறொரு மரபு அவர்களை எதிர்கொள்கின்றது. இலண்டன் இசைத்தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் சுரவரிசைகளை ஏடின்றி வாசித்தல் வேண்டும். இசையுருப்படிகளை ஏட்டைப் பார்த்தே வாசிக்கலாம். ஒரே பிள்ளை, ஓரிடத்தில் ஏடு பாராமற் பாடவும், மற்றோரிடத்தில் ஏடு பார்த்து இசைக்கவும் பழகுகின்றது. இவ்விரு மரபுகளின் வரலாற்றையும் அறிந்த ஆசிரியர், மேடையில் நினைவு தடுமாறும் பிள்ளைக்குப் பெருந்துணை ஆவார்.

கல்வெட்டுகள் கூறுவன

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென 48 பிடாரர்களை அமர்த்தினான். அவர்களுடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவருடைய உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. பிறப்புரிமையைக் காட்டிலும் பாடும் தகுதியே பெரிதாகக் கொள்ளப்பட்டமை இதனால் விளங்கும்.

இதனினும் வியப்பூட்டும் செய்தி விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கல்வெட்டில் உள்ளது. சோழர் காலத்தில் அங்கே திருப்பதியம் பாடுவதற்குக் கண்பார்வையற்றவர் 16 பேர் அமர்த்தப்பட்டனர். அவர்களை வழிநடத்தக் கண்ணுடையார் இருவரும் இருந்தனர். ஓலையைத் தொட்டுப் பார்த்தும் பயனில்லாதவர் அப்பதினாறு பேர். அவர்கள் பாடிய ஒவ்வொரு பாடலும் நெஞ்சிலிருந்தே எழுந்ததாகும். அவர்களை நம்பிக் கோயில் வழிபாட்டை ஒப்படைத்தனர் எனின், நினைவுப் பயிற்சி எத்துணை உறுதி வாய்ந்ததாய் இருந்திருத்தல் வேண்டும்!

ஏடு கிடைத்தது; பண் கிடைத்ததா?

தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். திருமுறைகண்ட புராணம் கூறும் அச்செய்தியில் நாம் பெரும்பாலும் கறையானோடு நின்றுவிடுகின்றோம். அதன் பிற்பகுதி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளில் சொல் இருந்தது; அச்சொல்லைப் பாடும் முறை தெரியவில்லை. எனவே, சம்பந்தருடன் யாழிசைத்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்மணி ஒருவரை எருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பட்டது என்று அப்புராணம் கூறுகின்றது. இதனைச் சமய மரபுச் செய்தியாகக் கொள்வார் கொள்க. இதில் பொதிந்துள்ள உண்மை தெளிவானது: ஓலை காக்க இயலாத ஒன்றை ஒரு குடும்பத்தின் நினைவு காத்து வைத்திருந்தது.

சம்பந்தர், சுந்தரர் பதிகங்கள் பண்முறையால் அடைவு செய்யப்பட்டுள்ளன. தக்கேசி, மேகராகக்குறிஞ்சி, காந்தாரபஞ்சமம், பழம்பஞ்சுரம் என்னும் தலைப்புகளை அச்சு நூல்களிலும் காண்கின்றோம். ஏடு பண்ணின் பெயரை மட்டுமே தாங்கி நின்றது. பண்ணின் ஒலியைத் தாங்கவில்லை. தக்கேசியைக் காம்போதியாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும் இன்று பாடுகின்றோம் எனின், அதற்கு ஓதுவார் வழிவழியாகப் பாடிவந்த முறையே அடிப்படை. 1943-இல் தோன்றிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியபோதும், ஓதுவார் பாடக் கேட்டே அறிஞர் ஆராய வேண்டியிருந்தது.

இசையையே எழுதிவைத்திருந்தால் இக்குறை நேர்ந்திராது என்று சிலர் கருதலாம். புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலைக்குச் செல்க. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றில் சுரக்கோவைகள் ஏழு பிரிவுகளாகப் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர் நலங்கருதி இவை செய்யப்பட்டன என்னும் குறிப்பும் அங்கே உண்டு. கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆயினும், அவற்றை எவ்வாறு இசைப்பது என்பதில் அறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் கேட்டுப் பாடிய மாணவரும் மறைந்தபின், பாறையும் பேசாதாயிற்று.

ஐரோப்பியர் நெறி

ஐரோப்பிய இசை, எழுத்தில் வளர்ந்த இசை. சுரம், கால அளவு, வன்மை மென்மை ஆகிய யாவும் தாளில் குறிக்கப்பட்டன. ஆதலால் தாளை முன்வைத்து இசைப்பதே அங்கு முறையாக இருந்தது. கார்ல் செர்னி என்னும் இசைஞர் இளமையில் பீத்தோவனின் பியானோப் படைப்புகளை ஏடின்றி வாசிக்க வல்லவராய் இருந்தார். பீத்தோவன் அதனை விரும்பவில்லை. தாளில் உள்ள நுண்ணிய குறிப்புகளை மறக்க அது வழிசெய்யும் என்று அவர் அஞ்சினார்.

1837-இல் பெர்லின் நகரில், கிளாரா வீக் என்னும் 17 வயது நங்கை ஏடின்றிப் பியானோ வாசித்தார். பிற்காலத்தில் கிளாரா சூமன் எனப் புகழ்பெற்றவர் இவரே. அக்காலத்து எழுத்தாளராகிய பெட்டினா ஃபான் ஆர்னிம், இச்செயலைச் செருக்கென்று பழித்தார். ஐந்தாண்டு செல்வதற்குள் அந்நகரிலேயே காற்று மாறி வீசியது. 1841-இன் இறுதியிலும் 1842-இன் தொடக்கத்திலும் ஃபிரான்சு லிஸ்ட் அங்கே பத்து வாரங்களில் 21 அரங்குகளில் 80 படைப்புகளை வாசித்தார். அவற்றுள் 50 ஏடின்றி வாசிக்கப்பட்டவை. மக்கள் வியந்து போற்றினர். நாளடைவில், தனியரங்கில் ஏடின்றி வாசித்தலே பியானோக் கலைஞர்க்கு முறை என்றாயிற்று.

அம்முறை அனைவரையும் கட்டுப்படுத்திவிடவில்லை. உருசிய நாட்டுப் பெருங்கலைஞர் சுவியாத்தொசுலாவ் ரிக்டர், 1980-ஐ ஒட்டிய காலம் முதல் இசைத்தாளை முன்வைத்தே வாசித்தார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. ஏடு பார்த்தல் குற்றமும் அன்று. பாராமை ஒன்றே புலமையும் அன்று என்பதை இவ்வரலாறு காட்டும்.

நினைவு நழுவுவது எங்கே?

மனப்பாடம் செய்த இசை பல வழிகளில் நம்மிடம் தங்குகின்றது. விரலும் நாவும் பழக்கத்தால் ஓடுவது ஒரு வழி. அடுத்த ஒலியைச் செவி முன்கூட்டியே கேட்பது மற்றொரு வழி. ஏட்டின் தோற்றம் மனக்கண்ணில் நிற்பது மூன்றாவது. படைப்பின் அமைப்பை அறிவு உணர்ந்திருப்பது நான்காவது. இவற்றுள் பழக்கம் எளிதில் வருவது. எளிதில் ஏமாற்றுவதும் அதுவே. பழக்கத்தால் மட்டும் கற்ற இசை, சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பற்ற இயலாது. முதலிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டில் பத்துமுறை பிழையின்றிப் பாடிய பிள்ளை மேடையில் திகைத்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

செர்மானிய ஆசிரியர் கார்ல் லைமர், தம் மாணவர் வால்டர் கீசெகிங்குடன் சேர்ந்து 1931-இல் வெளியிட்ட நூலில், இசைத்தாளைக் கருவியின் துணையின்றிப் படித்து, மனத்திலேயே கேட்டு, அமைப்பை உணர்ந்தபின் வாசிக்கும் முறையை வலியுறுத்தினார். உளநூலறிஞர் ரோஜர் சாஃபின், பியானோக் கலைஞர் கேப்ரியேலா இம்ரே ஆகியோர், மேரி கிராஃபோர்டுடன் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதற்கு அரண் செய்கின்றது. பாக் இயற்றிய இத்தாலியன் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியை இம்ரே பயின்ற முறையை அவர்கள் முழுவதும் பதிவு செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் முதற்பக்கத்தை நினைவிலிருந்து எழுதச் செய்தபோது, பிரிவுகளின் தொடக்க இடங்கள் அவர் நினைவில் நன்கு நின்றன. காட்டு வழியில் செல்வோன் மரத்தில் அடையாளம் வெட்டிச் செல்வதுபோல, தேர்ந்த கலைஞர் இசையின் ஊடே அடையாளங்களை நட்டுச் செல்கின்றனர். வழி தவறினால் அடுத்த அடையாளத்துக்குத் தாவிவிடலாம்.

பியானோ இசையில் மிகவும் இடர் தருவது கவர்வழி. சொனாட்டா என்னும் அமைப்பில், தொடக்கத்தில் வந்த இசை பின்னர் மீண்டும் வரும். முதன்முறை அது வேறொரு சுருதி நிலைக்குச் செல்லும்; மறுமுறை தொடங்கிய நிலையிலேயே நிற்கும். பிரியும் இடத்தை அறியாமல் விரலை நம்பியவர், பழைய வழியிலேயே சென்று சுற்றிச் சுற்றி வருவர். பதிகத்திலும் இவ்விடர் உண்டு. பதினொரு பாடலுக்கும் இசை ஒன்றே. ஈற்றடியும் பல பதிகங்களில் ஒன்றே. மூன்றாம் பாடலின் பாதியில் ஏழாம் பாடலுக்குத் தாவிவிடுதல் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவதாகும்.

பதிக அமைப்பே காவல்

இவ்விடருக்கு மருந்தும் பதிகத்துக்குள்ளேயே உள்ளது. சம்பந்தர் பதிகங்களுள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடல் இராவணனைக் குறிக்கும். ஒன்பதாம் பாடல் திருமாலும் நான்முகனும் தேடியதைக் கூறும். பத்தாம் பாடல் சமணரையும் சாக்கியரையும் சுட்டும். பதினோராம் பாடலாகிய திருக்கடைக்காப்பில் ஆசிரியர் பெயரும் பாடினார் பெறும் பயனும் வரும். இதற்குச் சமயப் பொருள் பல கூறலாம். நினைவுக் கலை நோக்கில், பாடுவோன் தான் நிற்கும் இடத்தை அறிய நாட்டப்பட்ட மைல்கற்களாகவும் இவை பயன்படுகின்றன.

எதுகையும் அத்தகையதே. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருதலால், முதலடியின் முதற்சீரைப் பற்றியவன் ஏனை மூன்றடிகளின் தொடக்கத்தையும் தேடிப் பிடிக்கலாம். யாப்பிலக்கண வகுப்பில் மதிப்பெண்ணுக்காகக் கற்பிக்கும் எதுகை, மேடையில் ஊன்றுகோலாக மாறுகின்றது. இலக்கண ஆசிரியரும் இசையாசிரியரும் சந்திக்கும் இடம் இது.

ஆசிரியர் செய்யத்தக்கன

இன்று பிள்ளைகள் பலர் ஒலிப்பதிவைக் கேட்டே பதிகம் கற்கின்றனர். நல்லோதுவார் குரல் தோட்டப்புறத்து வீட்டுக்கும் எட்டுதல் பெரும்பேறே. ஆனால் ஒலிப்பதிவு மாணவனின் பிழையைக் கேட்பதில்லை. அவனை இடையில் நிறுத்தி வினவுவதுமில்லை. அப்பணி ஆசிரியருடையது.

முதலில் பொருளைக் கூறி, பதினொரு பாடலின் கருத்தையும் வரிசையாகச் சொல்லச் செய்க. பின்னர் எண்ணைக் கூறி, அவ்வெண்ணுக்குரிய பாடலைத் தொடங்கச் செய்க. இறுதிப் பாடலிலிருந்து முதற்பாடல் வரை பின்னோக்கியும் பாடச் செய்க. கையால் தாளம் மட்டும் போட்டு, மனத்துள் பாடிச் சென்று, குறித்த அடியில் வாய்விட்டுப் பாடச் சொல்க. சுருதியை ஒருநாள் ஏற்றியும் ஒருநாள் இறக்கியும் பயிற்றுக. ஒரே நாளில் நூறுமுறை பாடுவதைவிட, நாள் இடைவெளி விட்டுப் பலமுறை நினைவுகூர்தல் நன்று. பிழை நேரின் தாளம் நில்லாமல் அடுத்த அடிக்குச் செல்லவும் பழக்குக. இம்முறைகள் பியானோ பயிலும் பிள்ளைக்கும் பொருந்தும். பாடல் எண் இருந்த இடத்தில் இசைப்பிரிவின் எண்ணை வைத்துக்கொண்டால் போதும்.

தடுமாறிய பிள்ளையின் கையில் ஏட்டைக் கொடுப்பதா என்னும் வினா எழுகின்றது. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ரிக்டருக்குத் துணையான தாள் ஒரு சிறுமிக்கு இழுக்காகாது. ஒருமுறை திகைத்து நின்றதற்காகத் தனக்கு இசை வாராது என்று எண்ணிப் பிள்ளை ஒதுங்கிவிடுமாயின் அதுவே பேரிழப்பு. எனினும், ஏட்டைக் கொடுத்துவிட்டு மனப்பயிற்சியைக் கைவிடுதல் கூடாது. பியானோ இசையின் பெரும்பகுதி தாளில் உள்ளது. நம் பண்ணின் பெரும்பகுதி தாளில் இல்லை. பியானோ மாணவன் மறந்தால் நூலகத்தில் தாள் காத்திருக்கும். பண்ணை ஒரு தலைமுறை மறந்தால், எருக்கத்தம்புலியூருக்குச் சென்று தேட மீண்டும் ஒருவர் கிடைப்பாரா? வகுப்பறையில் இன்று பதிகம் பாடும் பிள்ளையே அக்காவலைத் தொடர வேண்டிய பிள்ளை என்பதை ஆசிரியப் பெருமக்கள் நினைவிற் கொள்வாராக.