ரத்த அழுத்தமானிக்கு வந்த பரீட்சை

1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரச மட்டத்தால் ரத்த அழுத்தம் அளக்கும் கருவியை வெளியிட்டார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப்பால் ஒலி கேட்டு அளக்கும் முறையைச் சேர்த்தார். பல பத்தாண்டுகள் இதுவே உரைகல்லாக இருந்தது.

ஆனால் பிழை அளப்பவரிடமும் இருந்தது. 137 என்பதை 140 என்று முழுமையாக்கி எழுதும் பழக்கம் பரவலானது. அதைத் தவிர்க்கவே 1960-களில் லண்டனில், அளப்பவர் கண்ணுக்குப் பாதரச மட்டம் தெரியாதபடி ஒரு கருவி உருவானது.

தானியங்கிக் கருவிகள் பெருகியபின் முறையான சோதனை கட்டாயத் தேவையானது. அமெரிக்காவின் மருத்துவக் கருவித் தர அமைப்பான ஆமி (AAMI) 1987-லும், பிரிட்டிஷ் உயர் ரத்த அழுத்தச் சங்கம் 1990-லும் விதிகள் வகுத்தன. அவற்றின்படி, பயிற்சி பெற்ற இருவர் ஒரே நேரத்தில் ஒலி கேட்பார்கள். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் குறித்த அளவோடு கருவி காட்டுவது ஒப்பிடப்படும். இந்த எளிய ஏற்பாடுதான் சோதனையின் உயிர்நாடி.

2018-இல் அமெரிக்க, ஐரோப்பிய, ஐஎஸ்ஓ அமைப்புகள் பொது விதிக்கு இசைந்தன: குறைந்தது 85 பேர், சராசரி வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்குள், திட்டவிலக்கம் 8-க்குள். தேர்ச்சி சோதிக்கப்பட்ட மாடலுக்கு மட்டுமே. எனவே வாங்குவோர் கம்பெனிப் பெயரோடு நிற்காமல், மாடல் எண்ணையும் சரிபார்க்க வேண்டும்.