நூலகரும் நிறுவகமும்: பிரித்தானிய இனச்சமத்துவப் போராட்டத்தில் அ. சிவானந்தன்

1958ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைத் தமிழர் மீது வன்செயல்கள் கட்டவிழ்த்துவிடப்பட்டன. அதன்பின் நாட்டை நீங்கி இலண்டன் சேர்ந்த அம்பலவாணர் சிவானந்தன், ஆகஸ்ட் இறுதியில் நொட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் கரிபியக் குடியேறிகளைத் தாக்கிய நாட்களையும் காண நேர்ந்தது. ஒரே ஆண்டில், இரு தீவுகளில், இரு கலவரங்கள். தமது அரசியல் இவ்விரண்டின் தீயிலும் பிறந்தது என்பதே அவரது நிலைப்பாடு. தமிழ் ஆய்வுலகம் அவரை 1997இல் வெளிவந்த 'வென் மெமரி டைஸ்' நாவலின் ஆசிரியராகவே பெரிதும் அறியும். அவரது வரலாற்றுப் பங்களிப்போ வேறிடத்தில் உள்ளது.

கொழும்பில் வங்கி முகாமையாளராக இருந்தவருக்கு இலண்டனில் அத்தொழில் வாய்க்கவில்லை. பொது நூலகமொன்றில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின் நூலகராகப் பயின்று, 1964இல் இன உறவுகள் நிறுவகத்தின் நூலகரானார். பிரபுக்களும் பெருவணிகரும் ஆளுகைச் சபையில் வீற்றிருந்த நிறுவகம் அது. அங்கே ஆய்வுப் பொருளாக அமைந்தவர் கறுப்பின மக்களே. அவர்களை ஒதுக்கிய சமூகம் அன்று. இம்முறைமையை ஊழியர் எதிர்த்தனர். 1972 ஏப்ரலில் கூடிய உறுப்பினர் பொதுக்கூட்டம் அவர்கள் பக்கம் நின்றது. சபையினர் பதவி விலகினர். நிதி வற்றியது. நிறுவகம் நகரின் செல்வச் செழிப்பான ஜேர்மின் வீதியை விட்டுக் கிங்ஸ் குரொஸ் பக்கம் பெயர்ந்தது. 'ரேஸ்' எனும் அதன் சஞ்சிகை 1974இல் 'ரேஸ் அன்ட் கிளாஸ்' ஆயிற்று. அறிவு எவருக்காகத் திரட்டப்படுகிறது என்பதை ஒரு நூலகர் கேட்டது தற்செயல் அன்று. நூல்களை நாடி வந்த போராளிகளை நாள்தோறும் எதிர்கொண்டவர் அவரே.

'கறுப்பு' என்பது அவருக்குத் தோலின் நிறமன்று, அரசியலின் நிறம்; ஆபிரிக்கரும் கரிபியரும் ஆசியரும் அதில் ஒருங்கே அடங்குவர். 1976 ஆகஸ்ட் முதல் 1978 ஜூலை வரை வட இலண்டனில் நிகழ்ந்த கிரன்விக் வேலைநிறுத்தத்தை அவர் நோக்கிய விதம் இதனைக் காட்டும். ஜயாபென் தேசாய் தலைமையில், பெரும்பாலும் கிழக்காபிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள் நிழற்படத் தொழிலகமொன்றை விட்டு வெளியேறினர். ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர் அவர்களுக்குத் துணைநின்றமை பலராலும் போற்றப்பட்டது. சிவானந்தனோ, இனப்பாகுபாட்டை எதிர்த்த போராட்டம் தொழிற்சங்க அங்கீகாரக் கோரிக்கையாகச் சுருக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். போராட்டம் தோல்வியில் முடிந்தது.

தனிமனிதரின் காழ்ப்பையும் அதிகாரக் கட்டமைப்பில் ஊறிய பாகுபாட்டையும் அவர் வேறுபடுத்தினார். தமிழில் 'நிறவெறி' என்று எழுதும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. வெறி மனத்தின் நிலை, கட்டமைப்புக்கு வெறி இல்லை. 'இனவாதம்' ஓரளவு பொருந்தும். ஆயின் ஈழத்து வழக்கில் அச்சொல் சுமக்கும் வரலாறு வேறு. ஸ்டீபன் லோரன்ஸ் கொலை விசாரணையைப் பரிசீலித்த மக்பேர்சன் அறிக்கை, பொலிஸ் துறையில் நிறுவனமயப்பட்ட இனவாதம் உண்டென 1999இல்தான் ஏற்றது.

அவ்வேறுபாட்டின் பொருளைத் தமிழர் அதற்கு முன்பே நேரில் அறிந்திருந்தனர். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் மேலாடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். நீதிமன்றத் தலையீட்டால் வெளியேற்றம் நின்றது. சில வாரங்களில் அரசு புதிய சட்டமொன்றை முன்வைத்தது: உரிய ஆவணமற்ற பயணியை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண் அபராதம். அச்சட்டத்தின் வாசகத்தில் எவ்வினத்தின் பெயரும் இல்லை.