ஃபிளாப்பியில் மாட்டிய தமிழ்

செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்த நம்ம செட் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அடித்த தமிழை ஃபிளாப்பியில் கொண்டுபோய் அடுத்த சென்டரில் திறந்தால் ஒரே கிறுக்கல்! ஒவ்வொரு எழுத்துருவும் 'அ'வுக்கு ஒவ்வொரு எண்ணை வைத்திருந்ததுதான் காரணம்.

இதைத் தீர்க்க 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் ஏதுமின்றி, மின்னஞ்சலிலேயே கூடி விவாதித்தார்கள். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மீதி தமிழுக்கு என வகுத்த டிஸ்கி குறியீடு அப்படிப் பிறந்ததுதான். எந்த எழுத்து எங்கே என்பதில் வாக்குவாதத்துக்கும் குறைவில்லை (தமிழர்களாயிற்றே!).

அவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம். 'மயிலை' எழுத்துருவை இலவசமாகத் தந்தவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் மின்னூல் திருக்குறள். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் பிழை பார்ப்பார், நூலின் முகப்பில் அவர்கள் பெயர் இருக்கும். பின்னாளில் யூனிகோடு வந்தபோது, டிஸ்கி அட்டவணை எல்லோர் கையிலும் இருந்ததால் பழைய நூல்களை மாற்ற முடிந்தது.

நம் மலருக்காக நான் அன்று அடித்த கட்டுரை மட்டும் ஃபிளாப்பியிலேயே கிடக்கிறது. எந்த எழுத்துரு என்றே மறந்துபோச்சு. அதன் அட்டவணை யாரிடமும் இல்லை.