கைப்பிடியைத் திருப்பிய காகித நாடா

பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் சி.என்.சி. எந்திரத்தைத் தெரியும். எண்களைக் கொடுத்தால் போதும், உலோகத்தை அதுவே வெட்டிக் கொடுத்துவிடும். ஏதோ ஒரு கம்பெனி லாபத்துக்காகக் கண்டுபிடித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முன்னோடிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க விமானப்படை!

கதை 1940களில், மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் தொடங்குகிறது. ஜான் பார்சன்ஸ் என்பவரின் நிறுவனம் அங்கே ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைத் தயாரித்து வந்தது. இறக்கையின் வளைவைக் காட்டும் வரைபடத்தில் 17 புள்ளிகள்தான் இருக்கும். இடைப்பட்ட வளைவைக் கையால் வரைந்து, அதன்படி வார்ப்புரு செய்ய வேண்டும். பார்சன்ஸிடம் வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம். துளை அட்டை எந்திரத்தைக் கொண்டு 200 புள்ளிகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார்.

அந்தப் புள்ளிகளில் வெட்டிய விதம்தான் வேடிக்கை. ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்களை உரக்கப் படிப்பார். இன்னும் இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பி எந்திரத்தை அந்த இடத்துக்கு நகர்த்துவார்கள். இந்த மூவரின் வேலையையும் எந்திரமே செய்தால் என்ன? பார்சன்ஸின் யோசனை இவ்வளவுதான்.

யோசனை எளிது, செய்வது கடினம். அதற்கான செலவைச் சிறு நிறுவனம் தாங்காது. ஆனால் விமானப்படைக்கு அவசரம் இருந்தது. புதிய ஜெட் விமானங்களின் இறக்கைப் பாகங்களைக் கெட்டியான உலோகப் பாளத்திலிருந்தே குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. எனவே 1949 ஜூனில் பார்சன்ஸுக்கு 2 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது.

அவர் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தின் உதவியை நாடினார். ஆய்வகமோ இன்னும் பெரிதாகத் திட்டமிட்டது. சில காலத்தில் விமானப்படை நேரடியாக எம்.ஐ.டி.யுடனேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. யோசனை சொன்னவர் ஓரங்கட்டப்பட்டார்.

1952 செப்டம்பரில் முன்மாதிரி பொதுமக்கள் முன் இயங்கிக் காட்டியது. சின்சினாட்டி நிறுவனத்தின் மில்லிங் எந்திரம் ஒன்று, துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் ஒரே நேரத்தில் நகர்ந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் 292 வெற்றிடக் குழாய்கள்!

எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் வாங்க ஆளில்லை. விலை அதிகம், பழுது பார்ப்பது சிரமம், நாடா தயாரிப்பதோ பெரிய வேலை. முன்மாதிரிகள் பெரும்பாலும் சாவது இந்தக் கட்டத்தில்தான். மீண்டும் விமானப்படையே வந்தது. 1950களின் பிற்பாதியில் நூற்றுக்கும் மேற்பட்ட எந்திரங்களைத் தன் செலவில் வாங்கி, விமானத் தொழிற்சாலைகளில் நிறுவியது. நாடா தயாரிப்பதை எளிதாக்க, எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் குழு ஏ.பி.டி. என்ற கணினி மொழியை உருவாக்கியது. அதற்கும் விமானப்படையின் பணம்தான்.

ஆக, ஆய்விலிருந்து முன்மாதிரிக்கு ஒரு பாலம், முன்மாதிரியிலிருந்து தொழிற்சாலைக்கு இன்னொரு பாலம். இரண்டையும் கட்டியது அரசுப் பணம். முதல் பாலத்தோடு நின்றிருந்தால் அந்த எந்திரம் ஆய்வகத்திலேயே தூசி படிந்து கிடந்திருக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பணம் கொடுப்பவரின் தேவைக்கு ஏற்பத்தான் பொருளும் உருவாகும். விமானப்படைக்குச் சிக்கலான பாகங்கள் வேண்டும், செலவு பெரிதல்ல. சிறு பட்டறைக்கோ விலைதான் முதல் கேள்வி. 1970களில் மைக்ரோபிராசசர் வந்த பிறகு, எளிய, விலை குறைந்த எந்திரங்களைச் செய்து அந்தச் சந்தையைப் பிடித்தவர்கள் ஜப்பானியர்கள்.

பார்சன்ஸ் என்ன ஆனார்? அவரும் ஸ்டூலனும் 1952-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1958-ல் கிடைத்தது. 1985-ல் இருவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.