அரசுக்கு முந்திய தேசம்: திருப்பூர்க் கதரும் அமெரிக்கச் சுங்கவரியும்

1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்ற மறியல் ஊர்வலத்தைப் போலீசார் தடியால் அடித்துக் கலைத்தனர். மண்டை உடைந்த குமரன் மறுநாள் உயிர் நீத்தார். பாடநூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஓர் இளைஞரின் தியாகம் என்று மட்டும் சொல்லி முடிக்கும்போது, பெருநகரம் அல்லாத ஒரு பஞ்சுச் சந்தை ஊரில் அந்த ஊர்வலம் எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. கொங்கு வட்டாரத்தில் தேசியத்தைக் கொண்டுசேர்த்ததில் மேடைக்கும் பத்திரிகைக்கும் இருந்த பங்கைவிடக் கதர்க் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் இருந்த பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆட்சி கையில் இல்லாத ஓர் இயக்கம், ஆட்சி செய்யவேண்டிய வேலைகள் சிலவற்றைத் தானே எடுத்துச் செய்தது. அமெரிக்கக் குடியரசின் தொடக்க ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

விடுதலை பெற்ற அமெரிக்காவிலும் தேசிய உணர்வுக்குத் துணி ஓர் அடையாளமாக இருந்தது. 1789இல் பதவியேற்ற வாஷிங்டன், ஹார்ட்ஃபோர்டில் நெய்த பழுப்புக் கம்பளி உடையை அணிந்திருந்தார். ஆனால் அடையாளத்தோடு அவர்கள் நிற்கவில்லை. நிற்கவேண்டிய தேவையும் இல்லை. 1791 டிசம்பரில் அலெக்சாண்டர் ஹாமில்டன் உள்நாட்டு உற்பத்தி குறித்த தம் அறிக்கையை அமெரிக்கக் காங்கிரசின் முன் வைத்தார். 1812இல் தொடங்கிய பிரிட்டனுடனான போர் முடிந்ததும், 1816இல் பாதுகாப்புச் சுங்கவரி வந்தது. பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி. அதில் ஒரு நுட்பம் இருந்தது: சதுர கஜம் 25 சென்ட்டுக்குக் குறைந்த துணி எதுவானாலும், அதன் விலை 25 சென்ட் என்றே வைத்து வரி கணக்கிடப்பட்டது. ஆக, எவ்வளவு மலிவான துணிக்கும் சதுர கஜத்துக்கு ஆறேகால் சென்ட் வரி விழுந்தது. வால்தம் ஆலையின் பிரான்சிஸ் கபட் லோவெல் தலைநகருக்கே சென்று இந்த ஏற்பாட்டுக்காக வாதாடினார். இதில் அடிபட்டது இந்தியாவிலிருந்து போன மலிவுப் பருத்தித் துணி. அமெரிக்கத் தேசியத்தின் எழுச்சியை நம் வகுப்பறைகளில் கற்பிக்கும்போது இந்த ஒரு வரியையாவது சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே நிலைமை வேறு. சுங்கச்சாவடி அந்நியர் கையில் இருந்தது. மில் துணியைவிடக் கதர் விலை கூடுதல். அந்த வித்தியாசத்தை வரி போட்டுச் சரிக்கட்ட வழியில்லை. வாங்குபவரே மனமுவந்து கூடுதல் விலையை ஏற்கவேண்டியிருந்தது. கதர்ப் பணிக்காக 1925இல் பாட்னாவில் தொடங்கப்பட்ட அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியா பருத்தி, ஜின்னிங் ஆலைகள், ரயில் வசதி, சுற்றிலும் தறிக்காரர் ஊர்கள் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் பார்க்கவேண்டும். பஞ்சை வாங்கிப்போன பெண் வீட்டில் நூற்று, சிட்டமாகச் சுற்றி உற்பத்தி நிலையத்துக்குக் கொண்டுவருவார். நூலின் நம்பரும் முறுக்கும் பார்த்துக் கூலி போடுவார்கள். அந்த நூல் தறிக்காரருக்குப் போகும். நெய்த துணி விற்பனைக் கடைக்கு வரும். வெளிவியாபாரி கதர் விற்க விரும்பினால் சங்கத்தின் சான்று பெறவேண்டும். தரம், கூலி, முன்பணம், சான்று ஆகிய நான்கையும் எந்தச் சட்டமும் இல்லாமல் ஒரு சங்கம் ஊர் ஊராக நிறுவியது.

அச்சிட்ட நாவலும் செய்தித்தாளும் மனிதரைத் தேசமாக எண்ணிப்பார்க்க வைத்தன என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். அவருடைய விளக்கம் எழுத்தறிந்தவர்களுக்குப் பொருந்தும். கொங்கு நாட்டில் நூற்றவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. தன் நூல் முகம் தெரியாத ஒருவரின் உடலுக்குப் போகிறது என்பதும், அவர் கூடுதல் விலை கொடுப்பது தன் கூலிக்காகவும்தான் என்பதும் அவர்களுக்குத் தேசத்தைப் பற்றிய முதல் செய்தியாக இருந்திருக்கும். குமரனின் வாழ்க்கையும் இந்தச் சங்கிலிக்குள்ளேயே அமைந்தது. சென்னிமலையில் 1904இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார், தறியில் உட்கார்ந்தார், பின்னர் திருப்பூரில் பஞ்சாலை வேலைக்கு வந்தார். 1932 ஜனவரி 4 அன்று காந்தி கைதானதும், பி. எஸ். சுந்தரம் தலைமையில் இந்த ஊரில் மறியலுக்கு ஆள் கிடைத்ததில் வியப்பில்லை.

இதெல்லாம் பஞ்சு வியாபாரிகளின் நலன்தானே என்ற மறுப்பு எழக்கூடும். ஆஷர் போன்ற பஞ்சு வணிகக் குடும்பங்கள் காந்திக்கு ஆதரவாக நின்றது உண்மை. ஆனால் பஞ்சு வியாபாரிக்கு மில்லுக்கு விற்பதே எளிய லாபம். நலன் மட்டும் காரணமென்றால் அவர் கதரை நாடியிருக்கவேண்டியதில்லை.

இந்தத் தேசியத்தின் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற ஈ.வெ.ரா., 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் காங்கிரசை விட்டு வெளியேறினார். நூல் சாதிகளைக் கடந்து கைமாறியது. அதிகாரம் அப்படிக் கைமாறவில்லை. லோவெலின் ஆலைக்குப் பஞ்சு பறித்த அடிமைகளும் அமெரிக்கத் தேசத்தின் கணக்கில் மனிதராக வரவில்லை. இரண்டிடத்திலும் துணியின் முதல் கண்ணியில் இருந்தவரே கடைசியில் நிறுத்தப்பட்டார். ஒரு வேறுபாடும் உண்டு: நூற்பவருக்குப் பிழைக்கத் தகுந்த குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று காந்தி வற்புறுத்தியதால், விற்பனை சரியும் என்ற அச்சத்தை மீறி 1935இல் சர்க்கா சங்கம் அதை ஏற்றது.

திருப்பூரை அடுத்து நொய்யலோரம் இருக்கும் மங்கலத்தில் இன்று அந்தக் கூலிக் கேள்விதான் நடப்பு. சோமனூர், பல்லடம் போலவே இங்கும் விசைத்தறிகள் பெரும்பாலும் கூலிக்கு ஓடுகின்றன. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, காடா துணி நெய்து கொடுத்து, கூலி பெறுவதே முறை. 2025 மார்ச், ஏப்ரலில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினர். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்க, பக்கத்துப் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் தடுமாறின. அயல்நாட்டு வரிக்குப் பதில் சொல்ல இப்போது நமக்கென்று ஓர் அரசு இருக்கிறது. அது பேச்சு நடத்தலாம், சலுகை தரலாம். தறிக்காரரின் கூலியோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் போராடிப் பெறவேண்டியதாகவே இருக்கிறது. 1935இல் ஒரு சங்கம் தன் வணிகத்துக்கே கேடு வரலாம் என்று தெரிந்தும் ஏற்ற கடமை அது.