மலை உச்சியில் ஒரு சிமென்ட் தூண்... அதைத் தேடி ஊர் ஊராகப் போகும் பிரிட்டன் மக்கள்! 'டிரிக் பாயின்ட்' என்றால் என்ன?

பிரிட்டனில் மலையேறுபவர்கள் உச்சிக்குப் போனதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போட்டோ எடுப்பார்கள். அங்கே சுமார் 4 அடி உயரத்தில் ஒரு சிமென்ட் தூண் நிற்கும். அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் இருக்கும். அதன் மேல் கையை வைத்துவிட்டால் அன்றைய நடை முடிந்த கணக்கு. இதன் பெயர்தான் 'டிரிக் பாயின்ட்'. இந்தத் தூண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். 'டிரிக் பேக்கிங்' என்று அதற்குப் பெயரும் உண்டு.

சிமென்ட் தூணில் பார்க்க என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால் ஒரு நாட்டின் மேப்பே இந்தத் தூண்களை வைத்துத்தான் வரையப்பட்டது.

எதற்காகக் கட்டினார்கள்?

19-ம் நூற்றாண்டு அளவீடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. அதனால் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே, 1936-ல் நாடு முழுவதையும் மறுபடி அளக்கத் தொடங்கியது. இந்தத் தூணை வடிவமைத்தவர் மார்ட்டின் ஹோட்டின் என்ற ராணுவ அதிகாரி. 6,500-க்கும் மேற்பட்ட தூண்கள் எழுந்தன. ரோடு இல்லாத உச்சிகளுக்கு சிமென்ட், மணல், தண்ணீர் எல்லாமே மனிதர் முதுகிலும் குதிரையிலும்தான் போனது. வேலை முடிந்தது 1962-ல்.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கண்டுபிடித்துவிடலாம். தூணின் தலையில் மூன்று பள்ளங்கள் கொண்ட பித்தளைத் தட்டு இருக்கும். அதில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பொருத்தி, தூரத்தில் தெரியும் மற்ற தூண்களைப் பார்த்து அளப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று தெரிய வேண்டும் என்பதால்தான் பெரும்பாலானவை உச்சிகளில் நிற்கின்றன. விதிவிலக்கும் உண்டு. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புச் சமவெளியில் உள்ள லிட்டில் ஊஸ் தூண், கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே இருக்கிறது!

இதே முறை நம்ம சென்னைக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தியாவை அளக்க வில்லியம் லாம்டன் 1802-ல் முதல் அடிப்படைக் கோட்டை அளந்தது பரங்கிமலை அருகே. சமவெளியில் உயரமான இடம் வேண்டுமே? 1808-ல் சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சாவூர் பெரிய கோயிலின் மேலே ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

இப்போது தூண்களுக்கு என்ன வேலை?

கிட்டத்தட்ட எதுவும் இல்லை. 1992 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் உள்ள தோர்னி கேல் தூணில் நடந்ததுதான் கடைசி அளவீடு. பிறகு ஜி.பி.எஸ் வந்துவிட்டது. தூண்களை வைத்து அளந்தபோது, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 20 மீட்டர் துல்லியம் கிடைத்தது. இன்று சுமார் 110 நிலையங்கள் அதைவிடப் பல மடங்கு துல்லியமாக அந்த வேலையைச் செய்கின்றன.

வேலை போனதும் தூண்களுக்கு ஆபத்து வந்தது. கடல் அரிப்பில் சில பாறை விளிம்போடு சரிந்துவிட்டன. சில விவசாய நிலங்களில் அகற்றப்பட்டன. அப்படியும் இன்று 6,000-க்கும் மேல் நிற்கின்றன. எந்தத் தூண் நிற்கிறது, எது சாய்ந்தது, எதில் பித்தளைத் தட்டு காணாமல் போனது என்பதையெல்லாம் போய்ப் பார்த்துப் பதிவு செய்வது பெரும்பாலும் இந்த ஆர்வலர்கள்தான். தூணின் பக்கத்தில் பதித்திருக்கும் உலோகத் தகட்டில் ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. 2016-ல் ஒருவர், தன் பட்டியலில் இருந்த 6,190 தூண்களையும் பார்த்து முடித்தார். அதற்கு 14 ஆண்டுகள் ஆயின.

எல்லாத் தூணையும் தொட முடியுமா?

மேப்பில் முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்தால் அங்கே தூண் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். போகலாம் என்று அர்த்தம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டு சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை. பொதுப் பாதையோ, மக்கள் நடமாட அனுமதிக்கப்பட்ட திறந்தவெளியோ இல்லாத இடத்தில் நில உரிமையாளரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். அதனால் அனுபவசாலிகள் சிரமம் என்று சொல்வது பனி மூடிய சிகரத்தை மட்டும் அல்ல. கோதுமை வயலுக்கு நடுவில், வேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தூணும் அந்தப் பட்டியலில் இருக்கும். அதைப் பார்க்க அறுவடை முடியும் வரை காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.